தாழிட்டுக்கொண்டு விதைத்தவர்கள்

ஒரு நகரமே சேர்ந்து என் சிநேகிதன் பெண்டாட்டியின் நிலத்தில் தக்காளி விதைத்தது. ஆண், பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பல்லுப் போன பெரியவர்கள், வங்கி அதிகாரி, அவரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறவர், எல்லோரும் விதைத்தார்கள். தினமும் காலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவரவர் தனித்தனியாக. விதைக்கிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. முடிந்ததும் தண்ணீரை இழுத்து விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்.

அந்த நகரத்தின் கழிவுநீர் முழுவதும் கடைசியில் வந்து சேர்கிற சுத்திகரிப்பு நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். நாங்கள் அதைப் பிளாண்ட் என்போம். ஊர்க்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது. நாற்றமா? முதல் வாரம் இருந்தது. அதற்கப்புறம் என் மூக்கு தானாகவே ராஜினாமா கொடுத்துவிட்டது. இப்போதும் மழைக்கு முந்தி அந்தத் திசையிலிருந்து காற்று அடித்தால் என் பெண்டாட்டி ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள். அவள் அடுப்படிக்குப் போனதும் நான் திறந்துவிடுவேன். வட்டத் தொட்டிகளில் மெதுவாகச் சுற்றுகிற அந்தப் பெரிய இரும்புக் கை, பம்ப்பு அறையின் உறுமல், கருப்புத் தேநீர், பாத்திகளின் மேல் வெயில், எல்லாமாகச் சேர்ந்து ஜன்னல் வழியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தண்ணீர் சுத்தமாகி ஆற்றுக்குப் போய்விடும். அடியில் தங்குகிற கசடு எங்களோடு இருந்துவிடும். அதை மூடிய தொட்டிகளில் வைத்துச் செரிக்க விட்டு, பிறகு மணல் பாத்திகளில் பரப்பிக் காயப்போடுவோம். காய்ந்து வெடித்து, கருப்புப் பாளம் பாளமாகக் கிடக்கும். அதைப் பொடித்து, மரச்சீவலோடு கலந்து, ஆள் உயரத்துக்குக் குவிப்போம். குவியல் யாரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். மண்வாரியைக் குத்தி எடுத்தால் அந்த நுனியில் சுருட்டுப் பற்றவைக்கலாம். சரி, சுருட்டுப் பற்றாது. ஆனால் கை வைக்க முடியாது, அது சத்தியம். அடிக்கடி புரட்டிப் போட்டு, வெளியே இருந்தது உள்ளே போய் எல்லாமே ஒரு தடவையாவது வேகணும். வெந்தால் கிருமி சாகும், வாடை போகும், கையில் அள்ளினால் மழை நனைத்த காட்டு மண் மாதிரி இருக்கும்.

வெந்ததா என்று பார்க்க மேலாளர் அம்மாவிடம் ஒரு நீளமான வெப்பமானி இருந்தது. எங்களிடம் தக்காளி இருந்தது.

தக்காளி விதை இருக்கிறதே, அதைப்போல மானமுள்ள ஜீவனை நான் பார்த்ததில்லை. மனுஷன் பல் அதை ஒன்றும் செய்யாது. வயிறு செய்யாது. சாக்கடை, தொட்டி, பாத்தி, எதற்கும் மசியாது. சூட்டுக்கு மட்டும்தான் பயப்படும். அதனால் குவியலின் ஓரத்தில் தண்ணீர் தெளித்து விட்டுவைப்போம். தக்காளி முளைத்தால் இன்னும் வேகவில்லை, புரட்டு. முளைக்காவிட்டால் வெந்தாச்சு, ஏற்று. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

வேகாத பாத்திகளில் அது பாட்டுக்கு வளரும். அந்தப் பழங்கள் என் தலை பெரிசு இருக்கும். என் தலை சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிளாண்ட்டில் ஒருத்தரும் அதைத் தின்றதில்லை. யாரும் சொல்லி வைத்த சட்டம் இல்லை, எங்கள் மரியாதை அது. மேலதிகாரிகள் வரும்போது பாத்தியில் செடி நின்றால் அசிங்கம் என்று முளையிலேயே பிடுங்கிவிடுவோம். இதில் தேர்ந்தவன் என் சிநேகிதன். வால்வு திறந்து மூடுவது அவன் வேலை, அதனால் எங்களுக்கு அவன் வால்வுதான். ஒரு கையில் தேநீரோடு பேசிக்கொண்டே வருவான், இன்னொரு கை தானாகக் கீழே போய் முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு வரும். வாய் பேசிக்கொண்டிருக்கிற கதை ஒரு எழுத்துக்கூட நிற்காது.

இந்தக் கைதான் பின்னால் எங்களைச் சந்தியில் நிறுத்தியது.

வால்வின் பெண்டாட்டியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்த்து, நகரத்துக்கு வெளியே அவர்களுடைய அப்பா விட்டுப்போன ஒரு நிலம் இருந்தது. நிலம் என்றால் பேருக்குத்தான். மேல்மண் எல்லாம் காற்றும் வெள்ளமும் கொண்டுபோய், மிச்சம் கிடந்தது ஒரு வெளிறின ஓடு. அதன்மேல் சில்லறை விழுந்தால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். மழை வந்தால், விலாசம் தப்பி வந்துவிட்டோம் என்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்று, அப்படியே உருண்டு ஓடைக்குப் போய்விடும். களை என்று நாம் திட்டுகிறோமே, அதுகூட அங்கே தலைகாட்டாது.

அண்ணன் தையல்காரர். கடைத்தெருவில் ஒற்றை அறைக் கடை. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்த ஆள் கிடையாது. தூங்கும்போதும் இருக்கும் என்பேன் நான். அளக்காத எதையும் அவர் நம்பமாட்டார். ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டால்கூட எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்கிற ஆள். செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்த நிலத்தைத் தோண்டி மண்ணெடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். மேல் ஓட்டை உடைத்துப் போட்டால் அடியில் நல்ல களிமண். தையல்காரர் சம்மதித்துவிட்டார். தங்கச்சி கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். தோண்டினால் அங்கே இருக்கப்போவது நிலம் இல்லை, குளமளவு பள்ளம். அவள் சின்னவளாக இருந்தபோது அதில் சோளம் தலைக்கு மேலே நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். கொல்லையில் ஒரு மண்தொட்டியில் நாலு செடி வைத்துக்கொண்டு வாழ்கிறவளுக்கு அது ஒன்றுதான் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் நான் இருக்கும்போதே பேச்சு வந்தது. கூடம் சின்னது, மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் வாசற்படியில்தான். நான் வாசற்படியில் இருந்தேன். தையல்காரர் சத்தம் போடுகிறவர் இல்லை. ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு சொன்னார்.

“அப்பா அதுல கிடந்து காய்ஞ்சு போனதை நீ பார்க்கலை, கட்டிக்கிட்டுப் போயிட்ட. நான் பார்த்தேன். கடைசி ரெண்டு தடவையும் விதைச்சாரு, ரெண்டு தடவையும் முளைக்கவே இல்லை. அதுக்கப்புறம் காலைல போய் சும்மா வரப்புல உட்கார்ந்துட்டு வருவாரு. நீயும் போய் உட்காரணுமா? அது செத்த மண்ணு, அதை விட்டுடு.”

தங்கச்சி கேட்டாள்: “உயிர் இருக்குன்னு காட்டினா?”

“காட்டு. இந்த மழை வரைக்கும் சூளைக்காரரை நிறுத்தி வைக்கிறேன். அதுல தானா உயிர் வந்து நிக்கிறதை என் கண்ணால பார்த்தா நான் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லேன்னா நீ கையெழுத்துப் போடணும்.”

அப்போது வால்வு தொண்டையைக் கனைத்தான். பிளாண்ட்டில் வெந்த கசடு மலையாகக் கிடக்கிறது, மேலாளர் அம்மாவே தரிசு நிலத்துக்குக் கொடுக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தானியத்துக்கும் தீவனத்துக்கும் தாராளமாகப் போடலாம், அந்த ஓட்டை உடைத்து அதை உள்ளே கலந்துவிட்டால் மண் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆரம்பித்தான். தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அதில் வாடை ஒட்டிவிடும் என்பது போல.

“மாப்பிள்ளை, எங்க அப்பா நிலத்துல நீங்க என்னத்தைப் போடப்போறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?”

“தெரியும் மச்சான். அதுல உங்களோடதும் இருக்கு.”

நான் வாசற்படியிலிருந்து எழுந்து தெருவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கசடு போனது டிப்பரில். மேலே தார்ப்பாய் கட்டித்தான் போனது, இருந்தும் வழியில் ஒரு கல்யாண ஊர்வலமே இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஊர்வலம் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். விடுமுறை நாட்களில் நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் இருந்தோம். வாடகை டிராக்டர் ஓட்டைக் கீறும்போது வந்த சத்தத்தில் என் பல் கூசியது. கீறின சாலில் கசடைக் கொட்டி, மண்வெட்டியால் இழுத்து மூடி, மழை ஓடாமல் நிற்கக் குறுக்கே வரப்புப் போட்டோம். தங்கச்சி கையில் ரப்பர் உறை, தலையில் துண்டு, காலில் வால்வின் பழைய பூட்ஸ். அவ்வளவு பெரிய பூட்ஸுக்குள் அவள் கால் தனியாக ஒரு நடை நடந்துகொண்டிருக்கும். மத்தியானம் வேப்பமரத்தடியில் கை கால் சோப்புப் போட்டுக் கழுவி, சோறும் வெங்காயமும் சாப்பிடுவோம். அந்த மாதிரி ருசியாகச் சோறு நான் பிறகு எந்த ஓட்டலிலும் தின்றதில்லை. வெயில் கொளுத்தும், வியர்வை கண்ணில் இறங்கும், பக்கத்து நிலத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, இங்கே என்ன, ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டுறீங்களா என்று கேட்பார். ஆமாம், உங்களுக்கு முதல் கதவு என்பான் வால்வு.

மேகம் அந்த வருஷம் சீக்கிரமே கூடிவிட்டது. கடைசிக் குவியல் வெந்துவிட்டதா என்று அவசரமாகப் பார்த்தோம். மேலாளர் அம்மா வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்தார்கள், நடு நன்றாக வெந்திருந்தது. ஓரத்துக்கு எங்கள் தக்காளிப் பரீட்சை. தண்ணீர் தெளித்து விட்டோம். நாளுக்கு நாள் போய்ப் பார்த்தேன், ஒரு முளை இல்லை. ஏற்று என்றோம். டிப்பர் போயிற்று, கொட்டியாயிற்று, மூடியாயிற்று, மறுநாளே மழை கொட்டிவிட்டது.

அந்த மழை ஓடவில்லை. ஓடையில் தண்ணீர் வரும் என்று நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம், வரவில்லை. நிலம் அத்தனையையும் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்பது போலக் கிடந்தது. ஈரம் கொஞ்சம் வாங்கட்டும், வந்து சோளம் விதைக்கலாம் என்று வீட்டுக்கு வந்தோம்.

மறுபடி போனபோது தங்கச்சிதான் முதலில் வரப்பேறினாள். ஏறினவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணே, இங்க வாங்க, என்று கூப்பிட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். கடைசிக் குவியலைக் கொட்டின பாதி நிலம் பச்சை. சாலுக்குச் சால், சந்துக்குச் சந்து, மண்வெட்டி வைக்க இடமில்லாமல் பச்சை. வானத்திலிருந்து பார்த்தால் யாரோ பச்சைச் சால்வையைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். முகர வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை வருஷம் பார்த்த முகம்.

“தக்காளி,” என்றேன்.

தங்கச்சி சிரித்துக்கொண்டே அழுதாள். வால்வு சிரிக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. காலை காலை தேநீரோடு அந்தக் குவியலைச் சுற்றித்தானே இவன் கதை பேசிக்கொண்டு நடந்தான். முளை வந்திருக்கிறது. நான் பார்க்கிறதுக்குள் அந்தக் கை பாட்டுக்குக் கிள்ளி எறிந்திருக்கிறது. பரீட்சைத்தாளை அவனே அழித்திருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

மறைக்கலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. மேலாளர் அம்மா அன்றைக்கே வந்தார்கள். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓரம் அரைவேக்காடாகப் போய்விட்டது, மண்ணுக்குள் போனதால் வெயிலும் மண்ணும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், சோளம் தாராளமாகப் போடலாம், ஆனால் தரையோடு படர்ந்து பச்சையாகக் கடிக்கிற எதையும் இந்த வருஷம் இங்கே விடக்கூடாது, எல்லாத் தக்காளியையும் பிடுங்கி மண்ணிலேயே மடக்கிவிடுங்கள் என்று சொன்னார்கள். காய்த்தால் யாராவது வழியில் போகிறவர் பறித்துத் தின்றுவிடுவார்.

தங்கச்சி கேட்டாள், ஓரத்தில் ஒரே ஒரு செடி இருக்கட்டுமா, அண்ணன் வந்து பார்க்கிறவரைக்கும். மேலாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். வேண்டாம்மா என்றார்கள்.

எங்கள் இரண்டு பேரையும் அவள் தொடவிடவில்லை. ஒவ்வொரு சாலாக அவளே உட்கார்ந்து பிடுங்கினாள். பிடுங்கின செடியை எறியாமல், வேர் கீழே வருகிற மாதிரி படுக்கவைத்து மூடினாள்.

“பிறந்ததுலேருந்து பேசாத பிள்ளை முதல் வார்த்தை பேசுது. அது வாயைப் பொத்தறேன் நான்,” என்றாள். அதற்குமேல் நாங்கள் மரத்தடிக்குப் போய்விட்டோம்.

தக்காளி முளைக்காத பாதியில் சோளத்தை விதைத்துவிட்டு நிமிர்கிற நேரத்தில், வரப்பில் தையல்காரரும் அவருக்குப் பின்னால் சூளைக்காரரும் நின்றார்கள். மழை வந்தாச்சு, பார்க்க வந்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை. கறுத்த மண், அவ்வளவுதான். தங்கச்சி நடந்ததைச் சொன்னாள். வால்வு இடையிடையே விளக்கம் கொடுத்தான், ஊரே எப்படி விதைத்தது என்பது உட்பட. சூளைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. மண்ணிலிருந்து ஒரு வாடின தக்காளிச் செடியை இழுத்து எடுத்து, வேரைத் தட்டிப் பார்த்தார்.

“நாற்று வாங்கிட்டு வந்து நட்டிருக்கீங்க. நிக்கலை. பிடுங்கிப் போட்டுட்டு இப்படி ஒரு கதை. எதுக்கும்மா இது? தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டேனே.”

வால்வு ஏதோ சொல்லப் போனான். தங்கச்சி கையைக் காட்டி நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள்.

“என் பேச்சை நம்பவேண்டாம். இவர் பேச்சையும் நம்பவேண்டாம். இந்தப் பக்கம் நான் பிடுங்கினதோட சரி, இன்னும் எதுவும் விதைக்கலை. நீயே ஒரு இடம் பாரு, நீயே மூடி வை. நாங்க யாரும் கிட்டகூட வரமாட்டோம். ஒண்ணும் வரலேன்னா நான் அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

அவர் இடம் பார்த்தார். சும்மா இல்லை. ஒரு கட்டில் அகலத்துக்குச் சதுரமாக நாடா வைத்து அளந்து, வெள்ளைச் சாக்கட்டியால் மண்ணில் கோடு போடப் பார்த்து, அது விழாததால் குச்சியால் கீறி, ஒரு செடி ஒரு வேர் இல்லாமல் விரலாலேயே துழாவிச் சுத்தம் பண்ணினார். அடுத்த நாள் கடையிலிருந்து காடாத் துணி வந்தது. சுற்றிலும் மர ஆப்பு அடித்து, ஆப்போடு மண்ணை ஒட்டித் தடிக்கயிறு ஓடவிட்டு, துணியின் ஓரத்தை அந்தக் கயிற்றோடு சேர்த்துக் கையாலேயே தைத்தார். மண்ணில் மண்டியிட்டு, வாயில் ஊசியோடு, நாள் முழுக்க. அந்தத் தையல் அவருக்கே உரியது. ஒரு குத்து முன்னே, இரண்டு பின்னே, நடுவில் ஒரு சுழி. கடைத்தெருவில் மற்ற தையல்காரர்கள் அவர் தைத்த சட்டையை வாங்கிப் பிரித்துப் பார்த்தும் அந்தச் சுழி எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தர் அந்தக் கவலையில் தொழிலையே விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்தார். மளிகைக் கடை வைத்தது உண்மை, காரணம் நான் சேர்த்தது.

தண்ணீரும் தானே ஊற்றுவேன் என்றார். கடை திறக்குமுன் சைக்கிளில் கேனோடு வருவார். முதல் நாள் நான் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின்மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டுச் சட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். செருப்பு நனையாமல் இருக்க. அந்த நிலத்தில் தண்ணீர் ஊற்றினால் திரும்பி வந்து காலில்தான் விழும், அப்பாவின் கடைசி வருஷங்களிலிருந்து அவர் காலுக்கு அது தெரியும். தண்ணீர் வரவில்லை. குனிந்து பார்த்தார். துணி மட்டும் ஈரமாக இருந்தது. மிச்சம் எங்கே போனது என்று தேடுகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கேனில் மிச்சமிருந்ததையும் மெதுவாக, மெதுவாக ஊற்றினார். அதுவும் போய்விட்டது. வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். அன்றைக்குக் கடை லேட்டாகத்தான் திறந்தது.

அதற்கப்புறம் வருவார், ஊற்றுவார், போவார். எங்களோடு பேசமாட்டார். ஒரு நாள் துணியில் ஒரு சின்னப் புடைப்பு. அடுத்த தடவை பத்து. பிறகு, ஒரே போர்வைக்குள் நாலைந்து பிள்ளைகள் விழித்துக்கொண்டு கிடக்கிற மாதிரி துணி முழுக்க மேடும் பள்ளமும். இதற்குள் மற்றப் பாதியில் சோளமும் விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோளம் தங்கச்சி விதைத்தது, அது கணக்கில் சேராது.

துணியைப் பிரிக்கிற காலையில் சூளைக்காரரையும் அவரே அழைத்து வந்திருந்தார். நானும் வால்வும் வரப்பில் நின்றோம். தங்கச்சி பூட்ஸோடு தள்ளி நின்றாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. தையல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டுத் தன் தையலைச் சுற்றி ஒரு முழு வட்டம் தவழ்ந்து வந்தார். ஒவ்வொரு சுழியையும் நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்து ஒரு பக்கம் வெட்டித் துணியைச் சுருட்டினார்.

வெளுத்த தண்டோடு, வெளிச்சம் பட்டதும் கண் கூசுகிறவர்கள் மாதிரி தலை சாய்த்துக்கொண்டு, அத்தனையும் தக்காளி.

சூளைக்காரர்தான் முதலில் பேசினார். “இதுல என்ன அதிசயம். தையலைப் பிரிச்சு நாற்றை உள்ள வச்சுட்டுத் திரும்பத் தைச்சிருப்பாங்க. நூலும் ஊசியும் யார்கிட்ட இல்லை?”

தையல்காரர் மண்டியிட்டபடியே மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“யார் தையலை?”

“சும்மா சொன்னேங்க.”

“இதைப் பிரிச்சுட்டு இதே மாதிரி திரும்பத் தைக்கிற கை எது, காட்டுங்க. நான் கடையை மூடிட்டு அவர்கிட்ட வேலைக்குச் சேர்றேன். ஒரு சுழி மாறலை. நான் போட்டது போட்டபடி இருக்கு.”

“அப்போ இது எப்படி உள்ள வந்துச்சு?”

தையல்காரர் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தார். விரலை மண்ணில் செருகினார். முதல் கணு வரைக்கும், பிறகு இரண்டாவது கணு வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. எடுத்துப் பார்த்தார், விரலில் கருப்பாக ஈரம். அதைத் துடைக்கவில்லை. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தார், அவள் அப்பாவைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற இடம் பாருங்க,” என்றார் சூளைக்காரரிடம்.

சூளைக்காரருக்கு ஆற்றாமை. “அப்போ நீங்களும் அந்தக் கதையை நம்பறீங்களா? ஊரே சேர்ந்து விதைச்சுதுன்னு?”

தையல்காரர் எழுந்து முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டப் போனார், தட்டாமல் விட்டுவிட்டார்.

“விதைச்சிருக்கு,” என்றார். “நானும் அந்த ஊர்லதானே இருக்கேன். இதுல ரெண்டு மூணு நான் போட்டதா இருக்கும்.”